24 மடங்கு எங்கிருந்து வந்தது? தங்க நானோதண்டுகளின் அருகே எர்பியத்தின் பச்சை ஒளி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு கண்ணாடித் தகடு. அதன் ஒரு பாதியில் தங்க நானோதண்டுகள் ஒட்டியிருக்கின்றன, மறுபாதி வெறுங்கண்ணாடி. இரண்டின் மேலும் ஒரே அலுமினாப் படலம். அதற்கும் மேலே, இட்டெர்பியமும் எர்பியமும் கலந்த சோடியம் இட்ரியம் ஃபுளோரைடு நானோதுகள்கள் ஒற்றை அடுக்காக. 980 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சினால் இரண்டு பாதியும் பச்சையாக ஒளிர்கின்றன. தங்கம் இருக்கும் பாதியில் ஒளி 24 மடங்கு அதிகம்.

இந்த 24-ஐ அப்படியே தூக்கி 'பிளாஸ்மான் விளைவு', அதாவது உலோக எலக்ட்ரான்கள் ஒளியோடு கூட்டாக அதிர்வதன் விளைவு, என்று எழுதிவிடுவதுதான் வழக்கம். அதைப் பங்கு பிரித்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கும். கீழே வரும் செய்முறை அளவுகள் வழக்கத்தில் உள்ளவை. 24 மடங்கு, ஆயுட்காலங்கள் போன்ற அளவீட்டு எண்கள் மட்டும் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்ட மாதிரி எண்கள்.

உலோகம் ஏன் தேவைப்படுகிறது

இட்டெர்பியம், எர்பியம் போன்ற அருமண் அயனிகளின் ஒளிர்வு, 4எஃப் என்ற எலக்ட்ரான் கூட்டுக்குள்ளேயே நடக்கும் தாவல். சமச்சீர் விதிப்படி அது தடைசெய்யப்பட்ட தாவல். படிகப்புலம் அந்தத் தடையைக் கொஞ்சம் தளர்த்துவதால்தான் ஒளியே வருகிறது. எவ்வளவு தளர்கிறது என்று கணக்கிடும் முறையை ஜட், ஒஃபெல்ட் இருவரும் 1962-இல் தனித்தனியாகக் கொடுத்தார்கள். விளைவு இரண்டு: அயனி ஒளியை உறிஞ்சுவது மிகக் குறைவு, கிளர்ந்த நிலையில் தங்கும் நேரம் மிக நீளம். இட்டெர்பியத்துக்கு 980-இல் உட்கவர் குறுக்குவெட்டு, அதாவது ஒளியை உறிஞ்சும் பரப்பு, சுமார் 10⁻²⁰ சதுர சென்டிமீட்டர். சாயமூலக்கூறு ஒன்றோடு ஒப்பிட்டால் பல்லாயிரம் மடங்கு குறைவு. ஆயுட்காலம் நூற்றுக்கணக்கான மைக்ரோ நொடியிலிருந்து மில்லி நொடிவரை போகும்.

உலோக நானோ அமைப்பு இந்த இரண்டு குறையிலும் கை வைக்கலாம். லேசரின் மின்புலத்தைத் தன் முனைகளில் குவித்து, அயனி அதிகம் உறிஞ்சும்படி செய்யலாம். அயனியைச் சுற்றியுள்ள ஒளிநிலைகளின் (ஒளி வெளியேறக் கிடைக்கும் வழிகளின்) அடர்த்தியைக் கூட்டி, கதிர்வீச்சை வேகப்படுத்தலாம். இந்த இரண்டாவது கருத்து பர்செல் 1946-இல் சொன்னது. வெள்ளிக் கண்ணாடிக்கு முன்னால் யூரோப்பியம் சேர்மத்தை வெவ்வேறு தூரத்தில் வைத்தால் ஆயுட்காலம் அலையலையாக மாறுவதை 1970-ஐ ஒட்டி டிரெக்ஸ்ஹேஜ் அளந்து காட்டினார். மூன்றாவதாக, யாரும் கேட்காமலே உலோகம் செய்யும் வேலை ஒன்று உண்டு. அயனியின் ஆற்றலை உறிஞ்சி வெப்பமாக்கிவிடும். அருகே போகப் போக இது மற்ற இரண்டையும் விழுங்கிவிடும்.

மேல்மாற்ற ஒளிர்வில், அதாவது 1966-இல் ஓசெல் விளக்கிய அப்கன்வர்ஷனில், இன்னொரு வசதி இருக்கிறது. இட்டெர்பியம் 980-ஐ உறிஞ்சி எர்பியத்துக்குக் கடத்துகிறது, இரண்டு 980 ஃபோட்டான்கள் சேர்ந்துதான் ஒரு பச்சை ஃபோட்டான். எனவே குறைந்த லேசர் திறனில் பச்சை ஒளி லேசர் செறிவின் இருபடியாக ஏறும். புலச்செறிவு 4 மடங்கானால் ஒளி 16 மடங்காகும். பெரிய பெரிய மடங்குகள் இந்தத் துறையில் மலிவாகக் கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

தகட்டைத் தயாரித்தல்

தண்டுகளிலிருந்து தொடங்கலாம். தங்க நானோதண்டின் நீளவாட்டு ஒத்ததிர்வு, அதாவது தண்டின் நீளத்திசையில் எலக்ட்ரான்கள் வலுவாக அதிரும் அலைநீளம், நீரில், தோராயமாக 95 × (நீளம் ÷ குறுக்களவு) + 420 நானோமீட்டர். குறுக்களவு 20, நீளம் 110 என்றால் விகிதம் 5.5, உச்சி 942-இல் விழும். 980-க்கு வேலை செய்யவேண்டிய தண்டை 942-இல் வளர்ப்பது ஏன்? முடிவில் அது நீரில் இருக்கப்போவதில்லை. ஒளிவிலகல் எண் 1.6-ஐ ஒட்டிய அலுமினாவும் 1.47 உள்ள ஃபுளோரைடும் அதைச் சுற்றி வரும். உச்சி சிவப்புப் பக்கம் சில பத்து நானோமீட்டர் நகரும். நீரிலேயே 980-க்கு வளர்த்தவர்கள் கடைசியில் 1,020-இல் நிற்பார்கள்.

வழக்கமான விதைவழி முறையில், சிடாப் சவர்க்காரம் மட்டும் வைத்து, இவ்வளவு நீண்ட தண்டு நல்ல ஒருமையோடு வராது. சிடாப்போடு சோடியம் ஓலியேட் சேர்க்கும் முறையே இதற்குப் பொருத்தம். இதில் தண்டு தடிமனாகவும் வரும். 10 நானோமீட்டர் குறுக்களவுத் தண்டும் 20 நானோமீட்டர் குறுக்களவுத் தண்டும் நிறமாலையில் ஒரே இடத்தில் நிற்கலாம், ஆனால் மெல்லியது பெரும்பாலும் உறிஞ்சும், தடித்தது கணிசமாகச் சிதறடிக்கும். உறிஞ்சும் தண்டு ஒரு சிறு அடுப்பு. சிதறடிக்கும் தண்டுதான் ஆண்டெனா.

வளர்த்த தண்டுகளை இரண்டு முறை மையவிலக்கு செய்து, சிடாப் செறிவை 1 மில்லிமோலாருக்கு அருகே கொண்டுவர வேண்டும். அதைவிட அதிகம் இருந்தால் கண்ணாடியில் ஒட்டாது. மூன்றாவது முறை கழுவினால் தண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், திரவம் செம்பழுப்பிலிருந்து சாம்பலாகும். அந்தத் தொகுதியை மீட்க முடியாது. அறை வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே போனால் சிடாப் ஊசி ஊசியாகப் படிந்துவிடும். அது கெட்டுப்போனது அல்ல, 30 டிகிரி நீரில் குடுவையை வைத்தால் கரைந்துவிடும்.

கண்ணாடித் தகட்டைப் புறஊதா ஓசோனில் 20 நிமிடம் வைத்து, மெர்காப்டோபுரோபைல் டிரைமெத்தாக்ஸிசிலேன் 1 சதவீதக் கரைசலில் 30 நிமிடம் ஊறவைத்து, அலசி, 110 டிகிரியில் 15 நிமிடம் சூடாக்க வேண்டும். பிறகு தண்டுக் கரைசலில் தகட்டின் பாதியை மட்டும் செங்குத்தாக இறக்கி வைக்கவும். இந்தப் பாதி முக்கு உத்தியை அற்பமாக நினைக்க வேண்டாம். ஒப்பீட்டு மாதிரி வேறொரு தகட்டில் இருந்தால் படலத் தடிமன், துகள் அடர்த்தி, லேசர் குவியம் மூன்றும் மாறும். 2 மடங்கு வித்தியாசம் அதிலேயே வந்துவிடும்.

காய்ந்த தகட்டின் நிறமாலையை எடுத்தால் உச்சி 900-க்கும் கீழே இறங்கியிருக்கக்கூடும். முதல்முறை பார்ப்பவர்கள் தண்டு உருகிவிட்டதென்று பதறுவார்கள். சுற்றிலும் காற்று வந்ததால் ஏற்பட்ட நீல நகர்வு மட்டுமே அது. ஒரு துளி நீரை விட்டு அளந்தால் உச்சி திரும்பி வரவேண்டும். வராவிட்டால்தான் கவலை.

அடுத்தது இடைப்படலம், தங்கத்துக்கும் துகளுக்கும் நடுவே நிற்கும் அலுமினா. ஒவ்வொரு சுற்றிலும் மெல்லிய அடுக்காகப் படியவைக்கும் அணுப்படல வளர்ப்பில் அலுமினா ஒரு சுற்றுக்குச் சுமார் 0.1 நானோமீட்டர் வளரும். 8 நானோமீட்டருக்கு 80 சுற்று. அதற்கு முன் 5 நிமிட ஓசோனில் எஞ்சிய சிடாப்பை எரித்துவிட வேண்டும், இல்லையென்றால் தண்டின் மேல் மட்டும் படலம் ஓட்டையாக வளரும். வெப்பநிலை 80 முதல் 100 டிகிரிக்குள் இருக்கட்டும். தங்கம் உருகுவது 1,064 டிகிரியில் என்றாலும், நீண்ட நானோதண்டு அதற்கு வெகு கீழேயே முனைமழுங்கிக் குட்டையாகும். 200 டிகிரி வழக்கச் செய்முறையை அப்படியே ஓட்டியதால் ஒத்ததிர்வைத் தொலைத்த தகடுகள் ஏராளம். குறைந்த வெப்பத்தில் நீராவி மெதுவாகத்தான் வெளியேறும், எனவே ஒவ்வொரு சுற்றிலும் வெளியேற்ற நேரத்தை 30 நொடிக்கு நீட்டவும்.

துகள்கள்

அறுகோணக் கட்டப் படிகம்தான் வேண்டும், கனசதுரக் கட்டம் அல்ல. இட்ரியம் 0.78, இட்டெர்பியம் 0.20, எர்பியம் 0.02 மில்லிமோல் குளோரைடுகளை 6 மில்லி ஓலியிக் அமிலம், 15 மில்லி ஆக்டடெசீனில், ஆர்கான் ஓட்டத்தில் 160 டிகிரிவரை சூடாக்கித் தெளிந்த கரைசலாக்கவும். 50 டிகிரிக்கு ஆறவிட்டு, 2.5 மில்லிமோல் சோடியம் ஹைட்ராக்சைடும் 4 மில்லிமோல் அம்மோனியம் ஃபுளோரைடும் கரைந்த 10 மில்லி மெத்தனாலை மெதுவாகச் சேர்த்து 30 நிமிடம் கலக்கவும். மெத்தனாலை முழுக்க ஓட்டிய பிறகு 300 டிகிரிக்கு ஏற்றி 1 முதல் 1.5 மணி நேரம் வைத்திருக்கவும்.

கெடுவது இரண்டு இடத்தில். மெத்தனால் மிச்சமிருந்தால் 100 டிகிரியைத் தாண்டும்போது கலவை பொங்கிக் குளிர்விப்பானுக்குள் ஏறிவிடும். 300 டிகிரி எட்டாவிட்டால் கனசதுரக் கட்டம் கலந்து நிற்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, பச்சை மட்டும் மங்கும். எக்ஸ்-கதிர் விளிம்புவளைவு எடுக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஃபுளோரைடு ஆவி வருவதால் வேலை முழுவதும் காற்றுறிஞ்சு மேடைக்குள்தான்.

இதன் மேல் அருமண் கலப்பில்லாத 3 நானோமீட்டர் ஓடு வளர்ப்பதா வேண்டாமா என்பது இந்த ஆய்வின் மிக நேர்மையான கேள்வி. 20 வாட்/சதுர சென்டிமீட்டரில் பெருந்தூள் வடிவத்தின் மேல்மாற்றக் குவாண்டம் திறன், அதாவது உறிஞ்சிய ஃபோட்டான்களுக்கு வெளிவரும் ஃபோட்டான்களின் விகிதம், சுமார் 3 சதவீதம். 150 வாட்/சதுர சென்டிமீட்டரில் அளந்தபோதும் 100 நானோமீட்டர் துகளில் அது 0.3, 30-இல் 0.1, 10-இல் 0.005 சதவீதம். துகள் சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பு ஆற்றலைத் தின்கிறது. 30 நானோமீட்டர் துகளுக்கு வெறும் ஓடு போட்டாலே 0.1 என்பது 0.3 ஆகிவிடுகிறது, உலோகம் எதுவும் இல்லாமல். மங்கலான துகளுக்கு உலோகம் அதிக மடங்கு கொடுக்கும், ஏனென்றால் ஏற இடம் நிறைய. ஓடில்லாத 10 நானோமீட்டர் துகளில் கிடைத்த பெரிய மடங்கைவிட, ஓடுள்ள 25 நானோமீட்டர் துகளில் கிடைத்த சிறிய மடங்கு பயன்பாட்டில் அதிக ஒளி தரும். இங்கே எடுத்துக்கொள்வது ஓடுள்ள 25 நானோமீட்டர் துகள்.

ஓடும் இடைவெளிக் கணக்கில் சேரும். 8 நானோமீட்டர் அலுமினா, 3 நானோமீட்டர் ஓடு: தங்கத்துக்கு மிக அருகே உள்ள எர்பியமே 11 நானோமீட்டரில். எதிர்முனையில் இருப்பது 30-இல். 'இடைவெளி 8' என்று எழுதும்போது உண்மையில் 11 முதல் 30 வரையான சராசரியைத்தான் சொல்கிறோம்.

துகள்களைச் சுழற்றிப் பூசுவது சுலபம், ஆனால் தண்டுகளின் மேடுபள்ளம் துகள்களைத் தேக்கும். ஹெக்சேன் கரைசலை டைஎத்திலீன் கிளைகால் பரப்பில் விட்டு, ஆவியானதும் மிதக்கும் அடுக்கைத் தகட்டால் அள்ளுவது மேல்.

அளவீடு

லேசர் 980, கண்ணுக்குத் தெரியாதது. உரிய ஒளியடர்த்தியுள்ள பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தகட்டைத் திருப்புவது ஆபத்து, தங்கத்திலிருந்து தெறிப்பும் வரும். 100 மில்லிவாட்டை 100 மைக்ரோமீட்டர் விட்டப் புள்ளியில் குவித்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1,270 வாட். அதையே 1 மில்லிமீட்டராக விரித்தால் 12.7 வாட். இந்த இரண்டும் இரண்டு வெவ்வேறு இயற்பியல். ஆகவே புள்ளியின் விட்டம் இல்லாத மடங்குக்குப் பொருள் இல்லை.

திறனைக் குறைக்க டயோடின் மின்னோட்டத்தைத் திருகக்கூடாது. டயோடின் அலைநீளம் டிகிரிக்குச் சுமார் 0.3 நானோமீட்டர் நகரும், இட்டெர்பியத்தின் உட்கவர் உச்சியோ குறுகலானது. மின்னோட்டத்தை நிலையாக வைத்து வடிகட்டிகளை மாற்றவும்.

ஆயுட்காலத்தில் பலரும் வழுக்கும் இடம் ஒன்று. 980 துடிப்பை நிறுத்திய பிறகு பச்சை ஒளி தேய்வதை அளந்து, 450 மைக்ரோ நொடி 320 ஆனது, எனவே பர்செல் விளைவு என்று எழுதுகிறார்கள். அந்தத் தேய்வு பச்சை நிலையின், அதாவது பச்சை ஒளியை உமிழும் எர்பியக் கிளர்நிலையின், சொந்த ஆயுள் அல்ல. துடிப்பு நின்ற பிறகும், ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கும் இட்டெர்பியத் தொட்டியிலிருந்து பச்சை நிலைக்கு ஆற்றல் சொட்டிக்கொண்டே இருக்கிறது. தொட்டி வடியும் வேகத்தைத்தான் அந்த வளைவு காட்டுகிறது. பச்சை நிலையின் ஆயுள் வேண்டுமானால் 520-ஐ ஒட்டிய துடிப்பால் எர்பியத்தை நேரடியாகக் கிளர்த்த வேண்டும். தொட்டியின் ஆயுளை 1,000 நானோமீட்டரை ஒட்டிய இட்டெர்பிய உமிழ்வில் தனியாக அளக்க வேண்டும்.

பங்கு பிரித்தல்

முதல் பங்கு எண்ணிக்கைக்கு. மின்னணு நுண்ணோக்கிப் படத்தில் தங்கப் பாதியில் துகள்கள் 1.5 மடங்கு அதிகம் என்று வைத்துக்கொள்வோம். 24 ÷ 1.5 = 16. இயற்பியல் தொடங்கும் முன்பே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

இரண்டாவது, உமிழ்வுப் பக்கம். நேரடிக் கிளர்வில் பச்சை நிலையின் ஆயுள் 300 மைக்ரோ நொடியிலிருந்து 240 ஆகிறது. நொடிக்கு 3,333 என்ற மொத்த வீதம் 4,167 ஆனது, கூடுதல் சுமார் 833. உலோகம் இல்லாத நிலையில் பச்சை நிலையின் கதிர்வீச்சுப் பங்கு 10 சதவீதம் என்றால் கதிர்வீச்சு வீதம் 333. கூடுதல் 833 முழுவதும் ஒளியாகப் போனால் கதிர்வீச்சுப் பங்கு 1,167 ÷ 4,167, அதாவது 28 சதவீதம்: 2.8 மடங்கு. பாதி ஒளியாகவும் பாதி தங்கத்தின் வெப்பமாகவும் போனால் 18 சதவீதம்: 1.8 மடங்கு. முழுவதும் வெப்பமாகப் போனால் 8 சதவீதம்: 0.8 மடங்கு. ஒரே ஆயுட்கால மாற்றம், மூன்று விடைகள். ஆயுள் குறைந்தது என்பதே ஒளி கூடியதற்குச் சான்று ஆகாது. தடித்த தண்டு, 11 நானோமீட்டர் தொலைவு என்பதால் நடுவிலுள்ள 1.8-ஐ எடுத்துக்கொள்வோம்.

மூன்றாவது பங்கை யாரும் கேட்பதில்லை. தண்டின் ஒத்ததிர்வு 980-இல் இருப்பதால் லேசரைக் குவிக்கிறது. இட்டெர்பியம் உமிழ்வதும் அதை ஒட்டிய அலைநீளத்தில்தான்! குவிக்கும் ஆண்டெனாவே தொட்டியின் அடியில் ஓட்டையும் போடுகிறது. இட்டெர்பியத்தின் ஆயுள் 0.8 மடங்காகக் குறைந்தால், குறைந்த திறனில் பச்சை ஒளி 0.8-இன் இருபடி, 0.64 மடங்காகும். இது லாபம் அல்ல, நட்டம்.

மீதி கிளர்வுப் பக்கம். 24 ÷ (1.5 × 1.8 × 0.64) = 13.9. இருபடி மூலம் 3.7. ஆக, தண்டுகள் லேசர் செறிவைச் சராசரியாக 3.7 மடங்கு ஆக்கியிருக்கின்றன. நம்பத்தக்க, அடக்கமான எண்.

இதைச் சோதிக்கும் வழி சுலபம். லேசர் திறனை ஏற்றிக்கொண்டே போனால், திறனுக்கு எதிரே ஒளியை வரைந்த மடக்கை வரைபடத்தில் கோட்டின் சரிவு 2-இலிருந்து 1-ஐ நோக்கிச் சாயும். அங்கே இருபடி லாபம் இல்லை. எதிர்பார்ப்பது 1.5 × 1.8 × 3.7 × 0.8, ஏறத்தாழ 8. அதே தகடு, அதே தண்டு, 24 என்பது 8 ஆகிறது. அப்படி இறங்கினால் விளக்கம் சரி. எல்லாத் திறனிலும் 24 அப்படியே நின்றால் கிளர்வுப் பக்கக் கதை தவறு. துகள் எண்ணிக்கையையோ ஒளி சேகரிப்பையோ மறுபடி பார்க்க வேண்டும்.

சராசரி என்ற சொல்லுக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. புலம் குவிவது தண்டின் முனைகளில் மட்டும். 10 சதவீதத் துகள்கள்தான் முனைகளின் அருகே விழுந்தன, மற்றவற்றுக்கு மாற்றமில்லை என்றால், 16 என்ற சராசரிக்கு முனையருகே உள்ளவை 151 மடங்கு ஒளிர்ந்திருக்க வேண்டும். அவைதான் முதலில் தெவிட்டும். அதனால் தங்கப் பாதியின் சரிவு, வெறும் பாதியைவிடக் குறைந்த திறனிலேயே வளையத் தொடங்கும்.

வெப்பமும் நிறமும்

தங்கம் 980-இல் சூடாகும். துகளே வெப்பமானி: 525, 545 நானோமீட்டர் பச்சைப் பட்டைகளின் விகிதம் அறை வெப்பத்தில் டிகிரிக்குச் சுமார் 1.2 சதவீதம் மாறும். திறனை ஏற்றும்போது தங்கப் பாதியில் மட்டும் விகிதம் 12 சதவீதம் கூடினால் சூடு ஏறத்தாழ 10 டிகிரி. ஆனால் பிளாஸ்மானே இந்த விகிதத்தைத் திருகக்கூடும். எனவே மிகக் குறைந்த திறனில் எடுத்த விகிதத்தைத் தொடக்க மதிப்பாக வைத்து, அதிலிருந்து ஏறுவதை மட்டும் வெப்பமாகக் கொள்ள வேண்டும். அளவீடு முடிந்ததும் உட்கவர் நிறமாலையை மறுபடி எடுங்கள். உச்சி நீலப் பக்கம் நகர்ந்திருந்தால் தண்டுகள் மழுங்கிவிட்டன, அன்றைய தரவு முழுவதும் ஒதுக்கல்.

சிவப்புக்கும் பச்சைக்கும் ஒரே மடங்கு வராது. தங்கத் தண்டின் குறுக்குவாட்டு ஒத்ததிர்வு 510–520-இல் இருக்கிறது, பச்சையைத் தின்னும். 655 சிவப்பு தப்பித்துவிடும். இதைப் பார்த்து ஆற்றல் கடத்தலின் பாதையே மாறிவிட்டதென்று கட்டுரை எழுதும் முன், தண்டுப் படலத்தின் வழியே பச்சை எவ்வளவு கடக்கிறது என்று அளப்பது நலம்.

கட்டுப்பாட்டுத் தகடுகள்

குறைந்தது மூன்று. ஒன்று, 780-இல் ஒத்ததிரும் தண்டுகள்: மேடுபள்ளமும் தங்கமும் அப்படியே, 980 குவிப்பு மட்டும் இல்லை. இரண்டு, 60 நானோமீட்டர் அலுமினா: அருகாமைப் புலம் அங்கே எட்டாது, மடங்கு 1-க்கு அருகே வரவேண்டும். மூன்று, 2 நானோமீட்டர் அலுமினாவின் மேல் ஓடில்லாத துகள்: இங்கே ஒளி குறையவேண்டும். குறையவில்லை என்றால் இடைப்படலத் தடிமனை நம்பாதீர்கள்.

வெள்ளிக்கு மாறலாமா? பச்சையை அது அவ்வளவு தின்னாது. அடர்ந்த உலோகத் துகள் படலம், அலுமினா இடைப்படலம் என்ற அமைப்பில் 2012-இல் வெளியான அளவீட்டில் தங்கத்துக்கு 5.2 மடங்கும் வெள்ளிக்கு 45 மடங்கும்வரை கிடைத்தது. ஆனால் காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும், எனவே வளர்த்த அன்றே அலுமினா மூட வேண்டும். கண்ணாடிக்குள் வெள்ளி அயனியைச் செலுத்தி எர்பியத்தை ஒளிரவைக்கும் மாதிரிகளில் வேறொரு பொறி உண்டு. அங்கே ஆற்றலை உறிஞ்சிக் கொடுப்பது வெள்ளி நானோதுகளாக இருக்கவேண்டியதில்லை, அயனி இணையோ சில அணுக்களே சேர்ந்த கொத்தோ இருக்கலாம். கிளர்வு நிறமாலையில் பிளாஸ்மான் உச்சியின் இடத்தில் லாபமும் உச்சமாகிறதா என்று பாருங்கள். அகன்ற புறஊதா, நீலப் பகுதி முழுக்க லாபம் விரிந்து கிடந்தால் அங்கே பிளாஸ்மானைத் தேட வேண்டாம்.